யார் பயில்முறைக் கலைஞர்? சவிட்டு நாடகமும் தமிழ் நாடக வரலாற்றின் ஒருதலைப் பார்வையும்

முன்னுரை

தமிழ் நாடக வரலாற்றை எழுதியோர் நாடகக் குழுக்களைத் தொழில்முறைக் குழு, பயில்முறைக் குழு என இரண்டாகப் பகுப்பர். ஊதியத்திற்கு நடிப்போர் முன்னவர். பிழைப்புக்கு வேறு தொழில் செய்து, ஓய்வு வேளையில் கூடி ஒத்திகை பார்த்து, கலையார்வம் ஒன்றையே முதலாகக் கொண்டு மேடையேறுவோர் பின்னவர். இப்பகுப்பில் குறை காண்பதற்கில்லை. இப்பகுப்பு யாருக்குப் பொருத்தப்பெற்றது, யாருக்கு மறுக்கப்பெற்றது என்று வினவும்போதுதான் சிக்கல் எழுகிறது. சென்னைச் சபாக்களில் மாலை வேளையில் கூடிய வழக்கறிஞரும் அரசு அலுவலரும் பயில்முறைக் கலைஞர் ஆயினர். கொச்சிக் கரையில் பகலெல்லாம் வலை இழுத்துவிட்டு, மாலையில் ஆசானின் களரிக்குச் சென்று அடவு பயின்ற மீனவரோ நாட்டுப்புறக் கலைஞர் ஆயினர். அப்பெயரைக்கூடத் தமிழ் நூல்களில் அவர்கள் முறையாகப் பெற்றிலர்.

கேரளக் கடற்கரையின் இலத்தீன் கத்தோலிக்க மக்களிடையே வழங்கும் சவிட்டு நாடகத்தைப் பற்றியே இங்குக் குறிப்பிடுகிறேன். அதன் மூல ஆசிரியராக மரபு போற்றுபவர் சின்னத்தம்பி அண்ணாவி என்னும் தமிழர். அதன் பாடல்கள் தமிழும் மலையாளமும் விரவியவை. அதன் கலைச்சொற்களுள் பல தமிழ்க் கூத்து மரபுக்கு உரியவை. இவ்வளவு இருந்தும் நம் தமிழ்த்துறைகள் இக்கலையை அயலார் சொத்தெனக் கருதி வாளா இருந்தன. இப்புறக்கணிப்பு தற்செயலானதன்று, நாடகம் என்றால் என்ன, நாடகக்காரர் என்றால் யார் என்பது பற்றி நாம் கொண்டுள்ள பிழையான கருத்திலிருந்து விளைந்தது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கும்பளங்கியும் சவிட்டு நாடக நிலமும்

கொச்சி நகரின் தென்புறத்தே காயல் சூழ அமைந்த சிற்றூர் கும்பளங்கி. சீன வலைகளும் பொக்காளி நெல்வயல்களும் நிறைந்த இவ்வூர், மாதிரிச் சுற்றுலாக் கிராமம் என்னும் பெயரால் பயணிகளிடையே அறிமுகமானது. 2019ஆம் ஆண்டு வெளிவந்த ‘கும்பளங்கி நைட்ஸ்’ திரைப்படத்திற்குப் பின் தமிழ் இளைஞரும் இப்பெயரை அறிவர். ஆயின், ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, பள்ளுருத்தி, இடக்கொச்சி, கும்பளங்கி, செல்லானம் எனத் தொடரும் இக்கரையோரப் பகுதி, வடக்கே சாவக்காடு முதல் தெற்கே கொல்லம் வரை நீளும் சவிட்டு நாடக நிலத்தின் நடுப்பகுதி என்பதைத் தமிழ் ஆய்வாளர் எத்தனை பேர் அறிவர்?

இக்கலை போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின் உருவாயிற்று என்பது அறிஞர் கருத்து. புதிதாக மதம் மாறிய மக்கள் பழைய சமயக் கலைகளைத் துறக்க நேர்ந்த சூழலில், அவ்வெற்றிடத்தை நிரப்ப எழுந்தது இந்நாடகம் என்பர். 1599ஆம் ஆண்டு உதயம்பேரூரில் கூடிய திருச்சபைப் பேரவை கேரளக் கிறித்தவரின் சமய வாழ்வை எத்துணை மாற்றியமைத்தது என்பதை நோக்கின் இக்கருத்து பொருந்துவதாகவே தோன்றுகிறது. காறல்மான் சரித்திரம், பிரிஜீனா, ஞானசுந்தரி, ஜெனோவா, அல்லேசு முதலியன இம்மரபின் புகழ்பெற்ற நாடகங்கள். காறல்மான் என்பவர் ஐரோப்பியப் பேரரசர் சார்லமேன். அவருடைய பன்னிரு வீரர்களின் போர்க்கதை பல இரவுகளுக்கு நீளும் நாடகமாக இக்கரையில் நிகழ்ந்துள்ளது.

அரங்கு மரப்பலகைகளால் அமைவது. ஆடுவோர் தாமே பாடிக்கொண்டு பலகையை ஓங்கி மிதிப்பர். அம்மிதியொலி செண்டை, இலைத்தாளம் முதலிய கருவிகளின் தாளத்தோடு இணைந்தாக வேண்டும். சவிட்டு என்னும் சொல்லுக்கு மிதித்தல் என்பது பொருள். குமரி மாவட்டப் பேச்சுத் தமிழில் இச்சொல் இன்றும் இயல்பாக வழங்குகிறது. நாடகத்தைப் பயிற்றுவிப்பவர் ஆசான் எனவும் அண்ணாவி எனவும் அழைக்கப்பெறுவார். அவர் கையில் இருப்பது சுவடி. பாடல் வகைகளுள் ஒன்று விருத்தம். அரசனின் வருகையை அறிவித்தும் நகைச்சுவை விளைத்தும் வருபவன் கட்டியக்காரன். தெருக்கூத்தை ஒருமுறையேனும் கண்ட எவர்க்கும் இச்சொற்கள் அந்நியமாகா.

நடிப்போர் யார்? மீனவர், வள்ளக்காரர், தச்சர், கூலித் தொழிலாளர். பகலில் உழைத்து இரவில் பயில்வோர். அடவும் வாள்வீச்சும் பாட்டும் கைவரப் பல திங்கள் ஆகும். கண்ணாடி மணிகள் பதித்த உடைக்கும் முடிக்கும் ஆகும் செலவை ஊராரும் நடிப்போரும் பகிர்ந்துகொள்வர். பங்குக் கோயில் திருவிழாவே பெரும்பாலும் அரங்கேற்றக் காலம். பயில்முறை நாடகம் என்பதற்கு நம் பாடநூல்கள் தரும் வரையறையில் இவற்றுள் எது இல்லை?

பெயரிடுதலின் அரசியல்

பம்மல் சம்பந்த முதலியார் 1891ஆம் ஆண்டு சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். கற்றோர் நாடகம் ஆடுவது இழிவு என்றிருந்த காலத்தில், வழக்கறிஞர்களையும் அலுவலர்களையும் மேடையேற்றிய பெருமை அவருக்கு உண்டு. அப்பெருமையை இக்கட்டுரை எள்ளளவும் குறைத்துக் கூறவில்லை. கற்றோர் ஊதியம் பெறாமல் நடித்தால் அது சமூகச் சீர்திருத்தம் என்றும், மீனவர் ஊதியம் பெறாமல் நடித்தால் அது வெறும் வழக்காறு என்றும் எழுதும் அளவுகோலையே மறுக்கிறது.

இவ்வளவுகோலின் விளைவு என்ன என்பதை நுணுகி நோக்க வேண்டும். பயில்முறைக் கலைஞர் என்று ஒருவரைக் குறித்தவுடன் அவருக்குப் பெயர் உண்டு, தெரிவு உண்டு, சுவை உண்டு, வளர்ச்சி உண்டு. அவர் எந்நாடகத்தை ஏன் தேர்ந்தார், எதை மாற்றினார், யாரிடம் கற்றார் என்று ஆய்வோம். நாட்டுப்புறக் கலைஞர் என்று குறித்தவுடன் இவ்வினாக்கள் மறைந்துவிடுகின்றன. அவர் தாமாக எதையும் தேர்வதில்லை. மரபு அவர் வழியாகத் தன்னை நிகழ்த்திக்கொள்கிறது என்று கருதிவிடுகிறோம். அவர் தகவலாளி ஆகிறார். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அவர் வயதும் ஊரும் இடம்பெறும், கருத்து இடம்பெறாது.

சவிட்டு நாடக ஆசான் சுவடியைச் சுருக்குகிறார். புதுப் பாடல் சேர்க்கிறார். நடிப்போரின் குரலுக்கும் உடல்வாகுக்கும் ஏற்பப் பாத்திரம் வகுக்கிறார். முன்பு ஆடவரே ஏற்ற பெண் பாத்திரங்களை இன்று பெண்களுக்கு வழங்குகிறார். இவையனைத்தும் நாடக ஆசிரியர் ஒருவர் மேற்கொள்ளும் தெரிவுகள். இவற்றைத் தெரிவுகளாகக் காணாத ஆய்வு, நடந்ததைக் காணாத ஆய்வேயாகும்.

அயற்கதை என்னும் குற்றச்சாட்டு

சவிட்டு நாடகத்தைத் தமிழ் நாடக வரலாற்றில் சேர்க்க மறுப்போர் கூறும் முதற் காரணம், அதன் கதைகள் அயல்நாட்டவை என்பது. பிரஞ்சு நாட்டுப் பேரரசனுக்கும் தமிழ் அரங்குக்கும் என்ன தொடர்பு என வினவுவர்.

இவ்வினாவை எழுப்புவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பம்மல் சம்பந்த முதலியார் சேக்சுபியரின் ஆம்லெட்டை ‘அமலாதித்தன்’ எனவும், வெனிசு நகர வணிகனின் கதையை ‘வாணிபுர வணிகன்’ எனவும் தமிழாக்கி மேடையேற்றினார். அவற்றை மறுமலர்ச்சி என்று போற்றுகிறோம், பாடமாக வைக்கிறோம். தென்மார்க்கு இளவரசன் சென்னை மேடையில் தமிழ் பேசினால் அது மறுமலர்ச்சி. பிரஞ்சுப் பேரரசன் கொச்சிக் கரையில் தமிழ் பாடினால் அது அயற்கதை! இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு கதையில் இல்லை. ஒன்று ஆங்கில நூல் வழியே கற்றோரிடம் வந்தது. மற்றொன்று சமயப் பரப்புநர் வாய்மொழி வழியே உழைப்போரிடம் வந்தது. நாம் மதிப்பிட்டது கதையையன்று. கதை வந்த வாயிலை.

மேலும், இக்கதைகள் தமிழ் மக்களுக்கு அயலானவையும் அல்ல. ஞானசௌந்தரி கதை மன்னார்க் கரையில் கூத்தாக ஆடப்பெற்றது. தமிழகத்தில் 1948ஆம் ஆண்டு திரைப்படமாகவும் வந்தது. அதே கதையை கொச்சிக் கரையினர் ஞானசுந்தரி என்னும் பெயரில் பலகை அதிர ஆடுகின்றனர். மூன்று நிலத்தார் ஒரு கதையை மூன்று வகையாக ஆடுவதைக் கண்டும் ஒப்பியல் ஆய்வுக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று மாணவர் வருந்தும் நிலை நம் துறைகளில் உள்ளது.

கலப்புமொழி என்னும் குற்றச்சாட்டு

இரண்டாவது காரணம் மொழி பற்றியது. சவிட்டு நாடகத்தின் மொழி தூய தமிழன்று. மலையாளமும் வடமொழியும் போர்த்துக்கீசியச் சொற்களும் கலந்தது. ஆகவே தமிழ் ஆய்வுக்கு உரியதன்று என்பர்.

தொல்காப்பியர் செய்யுட்குரிய சொல்லை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். திசைச்சொல் வழங்கும் நிலங்களாக உரையாசிரியர்கள் எண்ணிய பன்னிரண்டனுள் குட்டம், குடம், வேண், பூழி ஆகியன உள்ளன. அவை மலைநாட்டுப் பகுதிகள். அந்நிலத்துச் சொல்லைச் செய்யுளில் ஏற்க இலக்கணம் இடம் தந்தது. இலக்கணம் தந்த இடத்தை இலக்கண ஆசிரியரின் வழிவந்தோம் எனப் பெருமைகொள்ளும் நாம் மறுப்பது முரணன்றோ?

கொச்சிக்கும் தமிழுக்கும் உள்ள உறவு சங்க காலத்தோடு முடிந்துவிட்டதாகவும் எண்ணலாகாது. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. அதனையடுத்து 1579ஆம் ஆண்டு ‘கிரீசித்தியானி வணக்கம்’ கொச்சியில் அச்சேறியது. தமிழ் அச்சு வரலாற்றைப் பாடம் சொல்லும்போது கொச்சியைப் பெருமையுடன் குறிப்பிடுகிறோம். அதே கொச்சிக் கடற்கரை மக்கள் தமிழில் பாடி ஆடுவதைக் குறிப்பிட மட்டும் மறந்துவிடுகிறோம். அச்சான ஏடு வரலாறாகிறது. ஆடும் கால் வரலாறாவதில்லை.

இம்மறதி இடத்தைப் பொறுத்தும் வெளிப்படுகிறது. கொடுங்கல்லூருக்கு வஞ்சியைத் தேடியும் கண்ணகி வழிபாட்டைக் காணவும் தமிழறிஞர் செல்வர். 2007ஆம் ஆண்டு முதல் பட்டணத்தில் நிகழ்ந்த அகழாய்வுகளுக்குப் பின், முசிறியின் சுவடுகளைக் காணச் செல்வோர் தொகை மிகுந்தது. அங்கிருந்து சிறு தொலைவில் பெரியாற்றங்கரையில் உள்ள கோதுருத்து, சவிட்டு நாடகத்தின் தலையாய ஊர். ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட பானையோட்டில் தமிழ் எழுத்தைக் கண்டு மகிழும் நாம், அண்டையூர் அரங்கில் உயிருள்ள மனிதர் தமிழ்ச்சொல் பாடுவதைக் கேளாமல் திரும்புகிறோம். இறந்த தமிழைத் தேடிச் சென்று, வாழும் தமிழைக் காணாது வருவது எவ்வகை ஆய்வுநெறி?

1964: மூன்று செய்திகள்

1964ஆம் ஆண்டு இவ்வகையில் நினைவுகொள்ளத்தக்கது. அவ்வாண்டில் பம்மல் சம்பந்த முதலியார் மறைந்தார். அவ்வாண்டிலேயே கோதுருத்தைச் சேர்ந்த சபீனா ராஃபி என்னும் பெண்மணி, சவிட்டு நாடகம் பற்றிய முன்னோடி ஆய்வுநூலை மலையாளத்தில் வெளியிட்டார். தம் ஊர்க் கலையைத் தாமே எழுதவேண்டும் என்னும் உறுதியால் விளைந்த நூல் அது. அதே ஆண்டில் இலங்கையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார்க் கரையின் ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்’ என்னும் கத்தோலிக்கக் கூத்தைப் பதிப்பித்தார்.

வித்தியானந்தனின் பணி இங்கு விரிவாக நோக்கத்தக்கது. அவர் 1962ஆம் ஆண்டு ‘அலங்காரரூபன் நாடகம்’, 1966ஆம் ஆண்டு ‘மூவிராசாக்கள் நாடகம்’, 1967ஆம் ஆண்டு ‘ஞானசௌந்தரி நாடகம்’ ஆகியவற்றையும் பதிப்பித்தார். ஏட்டைப் பதிப்பித்ததோடு அவர் அமையவில்லை. பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கூத்தாடச் செய்தார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என அவர் தயாரித்த நாடகங்களில் மாணவர், ஊர் அண்ணாவிமாரிடம் ஆட்டம் பயின்று மேடையேறினர். பட்டம் பெற்றவர் எழுத்தறிவு குறைந்த அண்ணாவியின் முன் மாணவராக நின்றனர். கூத்து கற்றோர் மதிப்பைப் பெற்றது அதன்பின்னரேயாம்.

இரவு முழுதும் ஆடும் கூத்தை அவர் குறுகிய நேரத்திற்குச் சுருக்கினார், நகர மேடைக்கு ஏற்ப மாற்றினார் என்னும் விமர்சனமும் உண்டு. அவ்விமர்சனம் நியாயமானதே. ஆயின் அவ்விமர்சனத்தை எழுப்பியவரும் கூத்தை ஆடியறிந்தவர், ஆடக் கண்டவர். பங்கேற்றோர் நடுவே எழும் பிணக்கு ஆய்வை வளர்க்கும். நம்மிடையே அத்தகைய பிணக்குக்குக்கூட இடமில்லை.

தமிழகத்திலும் இதற்குச் சான்று உண்டு. தெருக்கூத்தை மூடத்தனம் என ஒதுக்கியிருந்த நகரத்துக் கற்றோர் பார்வை மாறியது, 1977ஆம் ஆண்டு தோன்றிய கூத்துப்பட்டறை போன்ற குழுவினர் புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்ற கலைஞரிடம் நேரிற் சென்று பயின்றபோதுதான். நூலகத்தில் அமர்ந்து எழுதிய கட்டுரைகள் சாதிக்காததை, காலில் சலங்கை கட்டிய சிலர் சாதித்தனர்.

தன்னார்வ முயற்சியால் சவிட்டு நாடகத்தை அணுகிய தமிழ் ஆய்வாளர் சிலர் உளர் என்பதை மறுப்பதற்கில்லை. துறை என்ற அளவில் நாம் செய்தது என்ன என்பதே வினா. சபீனா ராஃபியின் நூல் வெளிவந்து அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. நம் நாடகவியல் வகுப்பறைகளில் அதன் பெயரேனும் ஒலிக்கிறதா?

உரிமை கோருதலும் பங்கேற்றலும்

இங்கு ஒரு தடையை எதிர்கொண்டாக வேண்டும். சவிட்டு நாடகம் கேரளத்தின் கலை. அதனைத் தமிழ்க் கலை என்பது மொழி ஆதிக்கம் ஆகாதா என்பது அத்தடை. மலையாள நண்பர் பலர் இவ்வாறு ஐயுறுவதில் பொருள் உண்டு. தொன்மையைக் காட்டி எல்லாவற்றையும் தமிழுக்கு உரியதாக்கும் போக்கு நம்மிடையே இல்லை என்று எவரும் கூறிவிட முடியாது. சவிட்டு நாடகத்தைக் கண்டவுடன், இதுவும் தமிழே என்று முழங்கிவிட்டு ஊர் திரும்பும் அறிஞரைவிட, அதனைக் காணாத அறிஞரே மேல்.

இக்கட்டுரை உரிமை கோரவில்லை. அக்கலை அதனை ஆடுவோருக்கே உரியது. அவர்கள் வீட்டிலும் கடலிலும் பேசுவது மலையாளம். அவர்தம் கலைக்குள் தமிழ் வாழ்கிறது. அதனால் நமக்கு விளைவது கடமை, உடைமையன்று. அக்கடமை யாதெனின், அவர்கள் இன்று எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டில் நம்மால் இயன்றதைச் செய்தல்.

அவ்விடர்ப்பாடு எளிதில் விளங்கக்கூடியதே. பழைய சுவடிகளின் மொழி இன்றைய இளந்தலைமுறைக்கு எட்டாததாகி வருகிறது. அவையோர்க்குப் பொருள் விளங்கவேண்டும் என்னும் நியாயமான நோக்கோடு நாடகங்கள் தெளிந்த மலையாளத்தில் புதிதாக எழுதப்பெறுகின்றன. கேரளப் பள்ளிக் கலைவிழாவில் சவிட்டு நாடகம் போட்டிக் கலையாக இடம்பெற்றுள்ளது. அதனால் மாணவர் பலர் இக்கலையைப் பயில்கின்றனர். இது வரவேற்கத்தக்க வளர்ச்சி. ஆனால் போட்டி மேடையும் சுற்றுலா மேடையும் சில மணித்துளிகளே தரும். பல இரவுகளின் கதை ஒரு போர்க்காட்சியாகச் சுருங்குகிறது. நீண்ட விருத்தங்களும் உரையாடற் பாடல்களும் முதலில் கைவிடப்படுகின்றன. தமிழ் செறிந்து நிற்பது அப்பகுதிகளிலேதான்.

இந்நிலையில் மூத்த ஆசான்களிடம் ஒலி இருக்கிறது. சில சொற்களின் பொருள் தலைமுறை தோறும் தேய்ந்துவிட்டது. நம்மிடம் அகராதியும் இலக்கணமும் இருக்கின்றன. அச்சொல் அரங்கில் எவ்வாறு ஒலிக்கும், எந்த மிதியோடு இணையும் என்பது நமக்குத் தெரியாது. அவர்களிடம் உள்ளது நம்மிடம் இல்லை. நம்மிடம் உள்ளது அவர்களுக்குப் பயன்படும். இருவரும் ஒரு பலகையில் சந்திக்காமல் இருப்பதற்கு ஏற்கத்தக்க காரணம் ஒன்றும் இல்லை.

காரணம் இல்லை என்றாலும் தடைகள் உள. இப்பொருளில் முனைவர்ப்பட்ட ஆய்வு மேற்கொள்ள விரும்பிய மாணவர் ஒருவரின் தலைப்பு, இது மலையாளத் துறைக்குரியது என்னும் ஒற்றை வரியோடு ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்குழுவால் திருப்பியனுப்பப்பெற்றதை நான் அறிவேன். அம்மாணவர் பின்னர் சங்க இலக்கியத்தில் மீன்கள் என்னும் தலைப்பில் பதிவு செய்தார். அத்தலைப்பில் குற்றமில்லை. நெய்தல் திணையைப் பாட்டில் காண அனுமதித்த துறை, நெய்தல் நிலத்து மனிதரை நேரில் காண அனுமதிக்கவில்லை என்பதே வருத்தம்.

செய்யவேண்டுவன

குறைகூறி அமைதல் ஆய்வாகாது. ஆதலின் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க சில பணிகளை முன்வைக்கலாம்.

முதலாவது, சுவடிப் பாதுகாப்பு. ஓலையிலும் பின்னர்த் தாளிலும் படியெடுக்கப்பெற்ற சவிட்டு நாடகச் சுவடிகள் ஆசான்களின் இல்லங்களில் உள்ளன. காயற்கரை ஈரமும் கரையானும் அவற்றின் பகை. மழைக்கால வெள்ளத்தில் ஒரு பெட்டி நனைந்தால் ஒரு நாடகம் மறையும். உடைமையாளரின் இசைவோடு அவற்றை எண்மப் படிமங்களாக்கி, மூலத்தை அவர்களிடமே விட்டுவிடுதல் வேண்டும். சுவடியைப் பெற்றுச்சென்று திருப்பித் தராத ஆய்வாளர் மரபை இனியேனும் முடித்துக்கொள்ளல் நலம்.

இரண்டாவது, எழுத்துப் பயிற்சி. பிற்காலப் படிகள் பெரும்பாலும் மலையாள எழுத்தில் அமைந்தவை. கிரந்தமும் வட்டெழுத்தும் பயிற்றுவிக்கும் துறைகள், முதுகலை மாணவர்க்கு ஒரு பருவம் மலையாள எழுத்தைப் பயிற்றுவிப்பது அரிதன்று. மலையாள எழுத்தில் எழுதிய தமிழைப் படிக்க இயலாதவர் தமிழின் பரப்பைப் பற்றிப் பேசுவது பொருந்தாது.

மூன்றாவது, பாடத்திட்டம். நாடக வரலாற்றுத் தாளில் அண்ணாவி மரபு என ஓர் அலகு அமைதல் வேண்டும். கொச்சி, மன்னார், யாழ்ப்பாணம், தமிழகக் கத்தோலிக்க ஊர்களின் வாசகப்பா ஆகியவற்றை அதில் ஒருங்கு வைத்துப் பயிலலாம். அரசியல் எல்லைகள் பிரித்த ஒரு கடற்கரைப் பண்பாட்டை அவ்வலகு மாணவர்க்கு மீட்டுத்தரும்.

நான்காவது, பங்கேற்பு. இதுவே தலையாயது. களப்பணி என்னும் பெயரால் பதிவுக்கருவியோடு ஒருநாள் சென்று, பாடச் சொல்லிப் பதிந்துகொண்டு, அன்றே தொடர்வண்டி ஏறும் வழக்கம் மாறவேண்டும். நாடகம் ஒன்றின் பயிற்சித் தொடக்கம் முதல் அரங்கேற்றம் வரை ஆய்வாளர் களரியில் இருத்தல் வேண்டும். இயலுமாயின் அடவும் பயில வேண்டும். தாளம் தவறி மிதிக்கும்போது ஆசான் எதைத் திருத்துகிறார் என்பதை உடலால் அறிந்தவரே, அப்பாடலின் யாப்பு ஏன் அவ்வாறு அமைந்தது என்பதையும் அறிவார். ஏட்டில் சீர் சிதைந்ததுபோல் தோன்றும் அடி, பலகையில் நிறைவாக ஒலிக்கலாம். பிழை என நாம் திருத்தும் அடி, ஆடுவோர் மூச்சு வாங்க விட்ட இடமாகவும் இருக்கலாம். ஆடாமல் இதனைத் தீர்மானிக்க வழியில்லை.

ஐந்தாவது, மதிப்பு. ஆசான்களை வருகைதரு ஆசிரியராக அழைத்து உரிய ஊதியம் வழங்குதல் வேண்டும். ஆய்வின் பயன் மலையாளத்திலும் எழுதப்பெற்று அவ்வூராரைச் சென்றடைதல் வேண்டும். அவர்கள் படிக்க இயலாத மொழியில் மட்டும் அவர்களைப் பற்றி எழுதுவது அறமாகாது.

முடிவுரை

தமிழ் நாடக வரலாறு இதுகாறும் பனுவல்களின் வரலாறாகவும், பனுவலை எழுதிய தனியாளுமைகளின் வரலாறாகவும் எழுதப்பெற்றுள்ளது. அவ்வரலாற்றில் கூடிப் பயின்ற மக்களுக்கு இடம் குறைவு. மொழியொன்று தாய்மொழியல்லாத நாவிலும் பல நூற்றாண்டுகள் தங்கியிருக்க வேண்டுமானால், அதனை அங்குத் தங்கவைத்தது அரசும் அன்று, பள்ளியும் அன்று. வேலை முடிந்த மாலைகளில் ஊர்மக்கள் கூடிப் பாடி ஆடிய பழக்கமே அதனைச் செய்தது. கோதுருத்து முதலாக இக்கரையோர ஊர்களில் அடவு பயின்றோர் எவரும் தமிழைக் காக்கிறோம் என்று எண்ணிப் பயின்றவர் அல்லர். நாடகம் நன்றாக அமையவேண்டும் என்று பயின்றனர். தமிழ் உடன் காக்கப்பெற்றது.

அவர்களைப் பயில்முறைக் கலைஞர் என்று அழைப்பதால் அவர்களுக்குப் புதிதாக ஒரு பெருமையும் வந்துவிடப் போவதில்லை. நம் வரலாறு திருந்தும், அவ்வளவே. அதனைத் திருத்துவதற்கு மூத்த ஆசான்கள் இருக்கும் காலமே உரிய காலம். கொச்சிக்குச் செல்லும் தொடர்வண்டி நாள்தோறும் புறப்படுகிறது. இனி அதில் ஏறும் தமிழாய்வாளர், முசிறிக்கு மட்டும் பயணச்சீட்டு எடுக்காதிருப்பாராக.